வெண்டல் இரண்டாம் தடவை கேட்கவில்லை

செப்டம்பர் முதல் வெள்ளிக்கிழமை, சாயங்காலம் ஐந்தேகால் மணிக்கு, வண்டிக்கே தட்டு வருகிற பெவ்வின் டிரைவ்-இன் கடையில், பிக்கப் வண்டிக்குள் உட்கார்ந்து சாண்ட்விச் தின்றுகொண்டே, வெண்டல் ட்வெட், ஆர்டித் கிளாஸ்டரிடம் கல்யாணப் பேச்சை எடுத்தான்.

"மாசக் கடைசில நான் ஓரிகனுக்குப் போறேன். ட்ரிஷா வீட்டுக்குப் பின்னால சின்னதா ஒரு வீடு காலியா இருக்காம். நீயும் வரலாம் ஆர்டித். போறதுக்கு முன்னாடி கல்யாணம் பண்ணிக்கலாம்னாலும் பண்ணிக்கலாம்" என்றான்.

ட்ரிஷா அவன் மகள். இதையெல்லாம் அவன் ஆர்டித்தைப் பார்த்துச் சொல்லவில்லை, வண்டியின் முன்கண்ணாடியைப் பார்த்துச் சொன்னான். எங்கள் ஊர் டன்மோரில் முக்கியமான பேச்செல்லாம் முன்கண்ணாடியைப் பார்த்துத்தான் நடக்கும். அதனால் ஆர்டித் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. அவள் கையிலிருந்த சாண்ட்விச் அப்படியே நின்றுவிட்டது. ஏழு வருடமாக இந்தப் பேச்சுக்குக் காத்திருந்தவள் அவள். அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அந்தச் சந்தோஷத்தோடு அவள் சொன்ன பதில் இது:

"ஐயோ, உனக்கு எதுக்கு வெண்டல் அந்தச் சிரமமெல்லாம்!"

எங்கள் ஊரில் இதற்கு 'வேண்டாம்' என்று அர்த்தம் கிடையாது. முதல் தடவை கேட்டதும் சரி என்று சொல்கிறவர் எங்கள் அயோவா மாநிலத்தில் யாரும் இல்லை. உட்காருங்கள் என்றால், இல்லையில்லை கிளம்புகிறேன் என்பார்கள். ஒரு வாய் காபி என்றால், ஐயோ உங்களுக்கு எதுக்குச் சிரமம் என்பார்கள். கேட்கிறவரும் லேசில் விட மாட்டார். "அட, போட்டதுதானே, வீணாத்தானே போகும்" என்று இரண்டாம் தடவை கேட்பார். அதற்கும் மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டு, மூன்றாம் தடவை கேட்டதும், "சரி, இவ்வளவு சொல்றீங்களே" என்று உட்கார்ந்து ஒரு கூஜா காபியையும் காலி பண்ணிவிட்டுத்தான் எழுந்திருப்பார்கள். முதல் தடவையே கையை நீட்டுகிறவனைப் பெற்றவர்கள் சரியாக வளர்க்கவில்லை என்று ஊர் பேசும். அதேபோல, ஒரு தடவை கேட்டுவிட்டு நிறுத்திக்கொள்கிறவன் ஒப்புக்குத்தான் கேட்டான் என்பதும் ஊருக்குத் தெரியும். உண்மையாக வேண்டும் என்கிறவன் மறுபடி கேட்பான்.

ஆக, ஆர்டித் தன் பங்கைச் சரியாகச் செய்துவிட்டு, மடியில் பேப்பர் நாப்கினை நேராக்கிக்கொண்டு, இரண்டாம் தடவைக்காகக் காத்திருந்தாள்.

வெண்டல் வாயிலிருந்ததை மென்றான், விழுங்கினான், சோடாவை ஒரு மடக்குக் குடித்தான்.

"சரி" என்றான்.

பிறகு, தட்டை எடுத்துப்போக ஆள் வரட்டும் என்று விளக்கைப் போட்டான். பெவ் வந்து ஜன்னல் கண்ணாடியில் மாட்டியிருந்த தட்டைக் கழற்றிக்கொண்டு போனாள். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் வெண்டல், சோளம் இந்த வருடம் சீக்கிரம் காய்ந்துவிட்டது என்பதைப் பற்றியே பேசினான். ஆர்டித்துக்குக் காதில் ஒன்றும் ஏறவில்லை.

போகட்டும், செவ்வாய்க்கிழமை கேட்பான் என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள். வெண்டல் நிதானமான ஆள். தானியக் கிடங்கில் முப்பத்தொரு வருடம் எடை மேடையில் உட்கார்ந்திருந்தவன். முள் ஆட்டம் நிற்கிற வரைக்கும் காத்திருந்து எடை சொல்லிப் பழகியவன். அவன் மனைவி இறந்து ஒன்பது வருடமாகிறது. ஆர்டித்தின் புருஷன் டெக்சஸுக்குப் போய் இருபது வருடத்துக்கு மேலாகிறது, விவாகரத்துப் பத்திரம்தான் தபாலில் வந்தது, ஆள் திரும்பவில்லை, இனித் திரும்பினாலும் உள்ளே விட ஆளில்லை. இரண்டு பேரும் தனித்தனியாகத் தின்று சலித்துப்போய், ஒருநாள் டார்லாவின் கடையில் வேறு மேஜை காலி இல்லாததால் ஒரே மேஜையில் உட்கார்ந்தார்கள். அன்றிலிருந்து செவ்வாய்க்கிழமை டார்லா கடை, வெள்ளிக்கிழமை பெவ் கடை. ஏழு வருடம். ஊரே அவர்களை ஜோடி என்றுதான் சொல்லும். அவர்கள் இரண்டு பேர் மட்டும்தான் அதைச் சொன்னதில்லை.

செவ்வாய்க்கிழமை டார்லா கடையில் சில்லியும் சினமன் ரோலும். காரமான பீன்ஸ், இறைச்சிக் குழம்போடு இந்த இனிப்பு ரொட்டியையும் தொட்டுச் சாப்பிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாடாகப் போட்டுப் பழக்கிவிட்டார்கள், இனி மாறாது. டார்லா கடை ரோல் தட்டை மறைக்கிற அளவுக்கு இருக்கும். வெண்டல் அதை இரண்டாகப் பிய்த்துப் பாதியை ஆர்டித் பக்கம் தள்ளினான்.

"எடுத்துக்கோ."

"வேண்டாம், எனக்கு இதுவே ஜாஸ்தி."

"அட, பாதிதானே."

"இல்ல வெண்டல், நீ சாப்பிடு."

"இந்த நடுத்துண்டையாவது எடு. உனக்குத்தான் நடுத்துண்டு பிடிக்குமே."

"சரி, இவ்வளவு சொல்ற" என்று ஆர்டித் எடுத்து வாயில் போட்டாள். மூன்று தடவை. முறைப்படி நடந்தது. இந்த ஆளுக்கு முறை மறந்துபோகவில்லை என்று அவளுக்கு நம்பிக்கை வந்தது. இப்போது கேட்பான். நடுத்துண்டின் வெண்ணெய் நாக்கில் கரைகிற வரை காத்திருந்தாள்.

"ஆர்டித்" என்றான் வெண்டல்.

"ம்?" என்றாள். முதுகு தானாக நிமிர்ந்தது.

"உன் பஸ்ஸுக்குப் பின் டயர் மாத்துறேன்னாங்களே, மாத்திட்டாங்களா?"

ஆர்டித் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். நாற்பது பிள்ளைகள் கத்தினாலும், கண்ணாடியில் ஒரு பார்வை பார்த்து ஒரு அதட்டல் போட்டால் பஸ் கப்சிப். அப்பேர்ப்பட்டவளுக்கு இந்த ஒற்றை ஆளை என்ன செய்வதென்று தெரியவில்லை. டயர் மாற்றியாகிவிட்டது என்று மட்டும் சொன்னாள்.

அடுத்த வெள்ளிக்கிழமையும் கேட்கவில்லை. ஆர்டித் தானே வழிபோட்டுக் கொடுத்துப் பார்த்தாள்.

"நான் இதுவரைக்கும் கடலே பாத்ததில்ல" என்றாள், வெங்காய வளையத்தைச் சாஸில் தோய்த்துக்கொண்டே. ஓரிகனில் கடல் இருக்கிறது என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

வெண்டல் கொஞ்ச நேரம் யோசித்தான். "போட்டோ எடுத்து போஸ்ட்கார்டுல அனுப்புறேன்" என்றான்.

வெங்காய வளையம் தொண்டையில் சிக்கிக்கொண்டது.

அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை இன்னும் கொஞ்சம் வெளிப்படையாகவே போனாள். "எங்க வீட்டு வாடகை ஒப்பந்தம் அக்டோபரோட முடியுது. மறுபடி கையெழுத்துப் போடவா வேண்டாமான்னு யோசிக்கிறேன்" என்றாள்.

"சீக்கிரம் போட்டுடு ஆர்டித். புது வருஷத்துக்கு ஏத்திடுவானுங்க" என்றான் அந்த நல்லவன். சொல்லிவிட்டு அவளுடைய தட்டைப் பார்த்து, "அந்த வெள்ளரிக்கா ஊறுகாய நீ தொடவே இல்லையே, என்னோடதையும் எடுத்துக்கோ" என்றான். அதற்கும் மூன்று தடவை கேட்டான்.

ஆர்டித்துக்கு அழுகை வந்தது. அழுவதற்குக் கூச்சமாக இருந்ததால் அது கோபமாக மாறியது. கேட்காத வெண்டல் மேல் கோபம், சிரமம் எதற்கு என்று வாயை விட்ட தன் மேல் கோபம், ஒழுங்காக ஊறிய ஊறுகாய் மேல்கூடக் கோபம். எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு பயமும் இருந்தது, அதை வெளியே எடுத்துப் பார்க்க அவளுக்குத் தைரியமில்லை. அவன் ஒப்புக்குத்தான் கேட்டானோ? ஏழு வருடம் ஒன்றாகத் தின்றவளை ஒரு வார்த்தை கேட்காமல் போனால் நன்றாயிருக்காதே என்று மரியாதைக்குக் கேட்டானோ? அவள் சிரமம் எதற்கு என்றதும், தப்பித்தோம் என்று சரி என்றானோ? அப்படியிருந்தால், இப்போது போய் நான் வருகிறேன் என்று நிற்பது, பந்தியில் கூப்பிடாமல் உட்காருவது மாதிரி. அதை ஆர்டித் தன் ஆயுளில் செய்ததில்லை.

மூன்றாவது செவ்வாய்க்கிழமை, வெண்டல் வண்டியில் எண்ணெய் பார்க்க வெளியே போன நேரம், டார்லா காபிக் கூஜாவோடு வந்து நின்றாள். ஐம்பது வயதுக்காரி, பாதிரியாரைக்கூடக் 'கண்ணு' என்றுதான் கூப்பிடுவாள்.

"என்ன கண்ணு, மூணு வாரமா மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு உக்காந்திருக்கீங்க? சில்லில உப்பு ஜாஸ்தியா?"

ஆர்டித் நடந்ததைக் கொட்டிவிட்டாள். டார்லா கூஜாவை மேஜையில் வைத்துவிட்டுக் கேட்டாள்.

"இதுல என்ன கண்ணு இருக்கு? நான் வர்றேன்டான்னு நீங்களே சொல்லிட வேண்டியதுதானே?"

"அவன் கேக்காமயா?"

"அதான் கேட்டாரே."

"ஒரு தடவ கேக்குறதெல்லாம் கேக்குறதா டார்லா? நீயே சொல்லு, காபி வேணுமான்னு ஒரு தடவ கேட்டு, வேண்டாம்னா விட்டுடுவியா?"

"நான் கேக்கவே மாட்டேன் கண்ணு, ஊத்திடுவேன்" என்று சொல்லிக் கோப்பையை நிரப்பினாள் டார்லா. "அழுத பிள்ளைக்குத்தான் பால். நீங்க என்னடான்னா, ரெண்டாந்தடவ ஊட்ட வந்தாத்தான் வாயத் தொறப்பேன்ங்கிறீங்க. அவரு சனிக்கெழம போயிடுவாரு. அப்புறம் இந்த மேஜைல நான்தான் உங்களுக்கு எதுத்தாப்ல உக்காரணும். எனக்கு முட்டி வலி, உக்கார நேரமும் கெடையாது."

வெண்டல் உள்ளே வந்தான். டார்லா கண்ணைக் காட்டினாள். ஆர்டித் வாயைத் திறந்தாள். "எண்ணெய் சரியா இருக்கா?" என்று கேட்டாள். டார்லா கூஜாவைத் தூக்கிக்கொண்டு, தலையில் அடித்துக்கொள்ளாத குறையாக அடுப்படிக்குப் போய்விட்டாள்.

கடைசி வெள்ளிக்கிழமை வந்தது. மறுநாள் காலை எட்டு மணிக்குச் சாமான் ஏற்ற லாரி வருகிறது. வெண்டல் எப்போதும் போல ஐந்து மணிக்கு வந்து ஹாரன் அடிக்காமல் இறங்கி வந்து கதவைத் தட்டி அவளைக் கூட்டிக்கொண்டு போனான். பெவ் கடை வாசலில் நாலு கார்கள் நின்றன. அறுவடைத் தூசி காற்றில் பறந்தது. பெவ் தட்டைக் கொண்டுவந்து பாதி ஏற்றிய கண்ணாடியில் மாட்டினாள்.

"கடைசித் தட்டா வெண்டல்? ஓரிகன்ல இவ்வளவு பெருசா எவன் பொரிச்சுப் போடுவான்?" என்றாள்.

அவள் சொன்னது சரிதான். அடித்துத் தட்டையாக்கிப் பொரித்த பன்றி இறைச்சி, பன்னுக்கு வெளியே நாலாபக்கமும் அகல விளிம்புத் தொப்பி மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. வெண்டல் ஓரத்திலிருந்து சுற்றிச் சுற்றிக் கடித்துக்கொண்டு வந்தான். ஆர்டித் தன்னுடையதை மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வாய்கூட இறங்காது என்று தெரிந்தது.

"சாப்பிடலையா?" என்றான்.

"பசிக்கல."

"ஆறிடும். கொஞ்சமாவது சாப்பிடு."

"வேண்டாம்."

"அட, ஓரத்துல ஒரு கடி கடி. மொறுமொறுன்னு இருக்கு."

ஆர்டித் சாண்ட்விச்சைத் தூக்கி வண்டியின் முன்பலகை மேல் பொத்தென்று வைத்தாள்.

"இதுக்கு மட்டும் மூணு தடவ கேக்குற!"

வெண்டல் வாய் மெல்வதை நிறுத்தினான். "எதுக்கு?"

"இந்தப் பன்னிக்கறிக்கு! சினமன் ரோலுக்கு மூணு தடவ. ஊறுகாய்க்கு மூணு தடவ. ஒரு வெள்ளரிக்கா ஊறுகாய்க்கு வெண்டல்! என்னைய மட்டும் ஒரு தடவ கேட்ட!"

பக்கத்துக் காரில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்துவிட்டு, நாகரிகமாக முன்பக்கம் பார்க்க ஆரம்பித்தார்கள். காதை மட்டும் இங்கே விட்டிருப்பார்கள், அது வேறு விஷயம்.

"நீ வேண்டாம்னு சொன்னியே" என்றான் வெண்டல் மெதுவாக.

"நான் எங்க வேண்டாம்னேன்? உனக்கு எதுக்குச் சிரமம்னேன்!"

"அது வேண்டாம்தானே?"

"இந்த ஊர்ல பொறந்து அறுபத்தாறு வருஷமாச்சு உனக்கு. அது வேண்டாமா? நெஞ்சத் தொட்டுச் சொல்லு."

வெண்டல் நாப்கினால் வாயைத் துடைத்தான். முகம் சிவந்துவிட்டது. "செவ்வாக்கெழம மறுபடி கேக்கணும்னுதான் இருந்தேன். ஞாயித்துக்கெழம ட்ரிஷா ஃபோன் பண்ணா. இந்த மாதிரி ஆர்டித்கிட்ட கேட்டேன், இப்படிச் சொல்லிட்டா, திருப்பியும் கேட்டுப் பாக்குறேன்னு சொன்னேன். என்னைய வாங்கு வாங்குன்னு வாங்கிட்டா."

"என்ன சொன்னா?"

"'அப்பா, ஒரு பொம்பள வேண்டாம்னு சொன்னா அதுக்கு அர்த்தம் வேண்டாம்தான். மறுபடி மறுபடி போய் நின்னா அதுக்குப் பேரு நச்சரிப்பு. பாவம் அவங்க, ஒரே ஊர்ல இருந்துக்கிட்டு எத்தன தடவதான் உங்களுக்கு நாசூக்காப் பதில் சொல்லுவாங்க'ன்னா. எனக்கு ரொம்ப வெக்கமாப் போச்சு ஆர்டித். உன்னத் தொந்தரவு பண்ணக்கூடாதுன்னு வாயக் கட்டிக்கிட்டேன். ஒவ்வொரு வாரமும் நாக்கு நுனி வரைக்கும் வரும். டயரப் பத்திக் கேட்டு முழுங்கிடுவேன்."

ஆர்டித்துக்கு அந்த மகளைத் திட்ட வேண்டும் போல இருந்தது. திட்டுவதற்கு ஒன்றும் கிடைக்கவில்லை. மகள் சொன்னதில் ஓர் எழுத்துத் தப்பில்லை. பஸ்ஸின் பின் இருக்கையில் உட்காரும் பெரிய பையன்களிடம், "அந்தப் பொண்ணு வேண்டாம்னா வேண்டாம்தான்டா, உக்காரு" என்று ஆர்டித்தே எத்தனையோ தடவை அதட்டியிருக்கிறாள். வெண்டலும் ஒரு தப்பும் செய்யவில்லை, அவளை மதித்தான், அவ்வளவுதான். இவ்வளவு கோபத்தையும் வைத்துக்கொண்டு, எறிய ஓர் ஆள் இல்லாமல் நிற்பதுதான் அவளுக்குப் பெரிய எரிச்சலாக இருந்தது.

"நீ ஒப்புக்குக் கேட்டேன்னு நெனச்சேன்" என்றாள். குரல் உடைந்துவிட்டது.

"ஒப்புக்கா? ரெண்டாயிரம் மைலுக்கு அந்தப் பக்கம் வான்னு யாராவது ஒப்புக்குக் கூப்பிடுவாங்களா? அன்னிக்கு உன்ன எறக்கி விட்டுட்டு நான் வீட்டுக்குப் போகல ஆர்டித். கிடங்குக்குப் போய் எடை மேடைல வண்டிய நிறுத்திட்டு சும்மா உக்காந்திருந்தேன். இப்ப அங்க வேலைல இருக்குற பையன் வந்து, என்ன ஐயா எடை போடணுமான்னு கேட்டான்."

மூன்று வாரம். அவன் அங்கே வாயைக் கட்டிக்கொண்டிருக்க, அவள் இங்கே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, ஆறு சாப்பாடு வீணாகப் போயிருந்தது. அறுபத்திரண்டு வயதில் மூன்று வாரம் என்பது கொஞ்சமா?

"சரி, கேளு" என்றாள்.

"இப்பவா?"

"இப்பத்தான். ரெண்டாந்தடவ கேளு."

வெண்டல் சாண்ட்விச்சைத் தட்டில் வைத்தான். விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தான். ஸ்டியரிங்குக்கும் வயிற்றுக்கும் நடுவில் சிரமப்பட்டு உடம்பைத் திருப்பி அவள் முகத்துக்கு நேராகப் பார்த்தான்.

"ஆர்டித், என்னக் கல்யாணம் பண்ணிக்கிட்டு என்கூட வர்றியா?"

"ஐயோ, அந்தச் சின்ன வீட்டுல நான் வேற வந்து எதுக்கு உனக்கு எடைஞ்சலா..."

வந்துவிட்டது. வாயை மூட வேண்டிய நேரத்துக்கு மூட முடியவில்லை. தும்மல் வருவது மாதிரி அது தானாக வந்து விழுந்தது. வெண்டலின் முகம் தொங்கிப்போனது. ஆனாலும் மரியாதை தெரிந்த மனிதன், தலையை ஆட்டினான்.

"சரி" என்று விளக்குப் பொத்தானில் கையை வைத்தான்.

"சரின்னு சொல்லாத!" என்று ஆர்டித் கத்தினாள். நாற்பது பிள்ளைகளை அடக்குகிற குரல் அது. அந்த வாசல் முழுக்க ஒரு நொடி யாரும் மெல்லவில்லை. விளக்கு எரிந்ததைப் பார்த்து பெவ் ஓடிவந்தாள்.

"என்னம்மா, ஏதாவது வேணுமா?"

"ஒண்ணும் வேண்டாம் பெவ்."

"ஐஸ்கிரீம் கொஞ்சம் கொண்டாரட்டுமா? கடைசி நாளாச்சே."

"வேண்டாம் பெவ்."

"சின்னக் கப்புல ரெண்டே ரெண்டு கரண்டி..."

"பெவ், உனக்குப் புண்ணியமாப் போகும், போ!"

பெவ் போனாள். போகும்போது இரண்டு தடவை திரும்பிப் பார்த்தாள்.

ஆர்டித் இருக்கையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். முன்கண்ணாடியைப் பார்க்கக்கூடாது என்று நினைத்து, அவன் சட்டையின் இரண்டாவது பொத்தானைப் பார்த்தாள். "எனக்கு வரணும்" என்றாள். "நீ கேட்டதுனால இல்ல. எனக்கே வரணும். உன்னக் கல்யாணம் பண்ணிக்கணும். அந்தக் கடலப் பாக்கணும், போஸ்ட்கார்டுல இல்ல. நான் ஏழு வருஷமா ஆசப்பட்டுக்கிட்டிருக்கேன்."

ஆசை என்ற வார்த்தையை ஊர் நடுவில், பட்டப்பகலில், ஓர் ஆம்பிளையிடம் சொன்னதில் காது இரண்டும் அனலாகிவிட்டது. பக்கத்துக் காரில் யாரோ மெதுவாகக் கண்ணாடியை இறக்கினார்கள், நன்றாகக் கேட்கட்டும் என்று. கேட்டுத் தொலையட்டும்.

வெண்டல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். துடைத்ததைப் போட்டுக்கொண்ட பிறகும் திரும்பக் கழற்ற வேண்டியதாயிற்று.

"நாளைக்கு லாரி வருது" என்றான் கடைசியில்.

"தெரியும். என்னால நாளைக்குக் கெளம்ப முடியாது. பஸ்ஸுக்கு வேற ஆள் போடுறதுக்குப் பள்ளிக்கூடத்துல ரெண்டு வாரம் கேப்பாங்க. பிள்ளைங்கள நடு ரோட்ல விட்டுட்டா வர முடியும்?"

"முடியாது" என்றான். யோசித்தான். "லாரி சாமானோட போகட்டும். நான் வேணும்னா இருக்கேன். ரெண்டு வாரம் எங்கயாவது சோபாவுல படுத்துக்குறேன். நீ எல்லாத்தையும் முடிச்சதும் ஒண்ணாவே போலாம்."

எதுக்கு வெண்டல், நீ போ, ட்ரிஷா பாத்துக்கிட்டிருப்பா, நான் பின்னாடி வந்துக்குறேன். இவ்வளவும் ஆர்டித்தின் பல்லுக்குப் பின்னால் வரிசையாக வந்து நின்றுவிட்டது. அவளுக்குத் தெரிந்த வார்த்தைகள்தான். டெக்சஸுக்குப் போனவனும், பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்று, வேணும்னா இருக்கட்டுமா என்று ஒரு தடவை கேட்டான். பரவாயில்லை, போ, உனக்கு எதுக்குச் சிரமம் என்றாள் அன்றைக்கு. அவன் இரண்டாம் தடவை கேட்பான் என்று நிலைப்படியில் சாய்ந்து நின்றாள். கார் முக்குத் திரும்பிய பிறகும் நின்றாள்.

ஆர்டித் உதட்டைக் கடித்துக்கொண்டாள். கடித்த கடியில் வலித்தது.

"இரு" என்றாள்.

வெண்டல் நம்பாமல் பார்த்தான். "உனக்கு ஒண்ணும் சிரமம் இல்லையே?"

"சிரமம்தான். என் சோபா குட்டையானது, உன் காலு வெளிய தொங்கும்" என்றாள் ஆர்டித். "பரவாயில்ல. இரு."